கத்தரிக்கோலின் கூலி

1996 ஜனவரியில் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஒரு சோதனையில் இறங்கியது. டைட் சலவைத்தூளும் பாம்பர்ஸ் டயப்பரும் செய்து விற்கும் அந்த நிறுவனம், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ் நகரங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒன்றரை ஆண்டுக் காலம் கூப்பனே வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தது. அச்சுக்கும் விநியோகத்துக்கும் ஆகும் பணத்தை மிச்சப்படுத்தி, அதை எல்லோருக்கும் விலைக்குறைப்பாகக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. வெளியிடும் கூப்பன்களில் நூற்றுக்கு 98 குப்பைக்குத்தான் போகின்றன என்று நிறுவனம் வாதிட்டது. கணக்கு சரிதான். ஆனால் மக்கள் கொதித்துப் போனார்கள். கையெழுத்து இயக்கம் நடந்தது. பொருள்களைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல் எழுந்தது. அரசியல்வாதிகள் விசாரணைக் கூட்டம் போட்டார்கள். குறித்த கெடுவுக்கு முன்பே, 1997 ஏப்ரலில், சோதனை கைவிடப்பட்டது. அதே வட்டாரத்தில் வேறு சில உற்பத்தியாளர்களும் கூப்பனைக் குறைத்திருந்ததால், எல்லோரும் பேசிவைத்துச் செய்தார்களோ என்ற சந்தேகத்தில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரணை நடத்தினார். நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 42 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அந்தத் தொகை மக்களுக்குக் கூப்பனாகவே போய்ச் சேர்ந்தது.

எல்லோருக்கும் விலை குறைந்தால் எல்லோரும் மகிழத்தானே வேண்டும்? அப்படி நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளை விரித்து, வெட்டி, வகைபிரித்து, காலாவதித் தேதி பார்த்துக் கடைக்கு எடுத்துப் போனவர்களுக்கு, கூப்பன் தந்த 50 சென்ட் தாங்கள் உழைத்துச் சம்பாதித்த காசு. வெட்டாதவருக்கும் அதே விலை என்றால் தங்கள் கூலி பறிபோனதாகவே அவர்கள் உணர்ந்தார்கள். அமெரிக்க மளிகைக் கூப்பனின் நூறாண்டுக்கு மேற்பட்ட கதையை இந்தக் கோணத்திலிருந்து படித்தால்தான் அது பிடிபடும். கூப்பன் தரும் தள்ளுபடி, வாங்குபவர் செய்யும் ஒரு வேலைக்கான கூலி. அந்த வேலை கடினமாக இருக்கும்வரைதான் கூலி கிடைக்கும். இன்று வேலை சுலபமாகிவிட்டது; கூடவே அதற்குக் கொடுக்கும் விலையும் வேறாகிவிட்டது.

இலவசக் குவளையிலிருந்து ஞாயிறு இணைப்புவரை

கூப்பனின் வரலாறு பெரும்பாலும் அட்லாண்டாவில்தான் தொடங்கப்படுகிறது. 1880களின் கடைசியில் கோகோ கோலா ஒரு புது பானம். மருந்துக்கடைகளின் சோடா மேசையில் குவளை ஐந்து சென்ட்டுக்கு விற்றது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோக, நிறுவனத்தை நடத்திய ஆசா கேண்ட்லரின் குழு பிடித்த வழி, ஒரு குவளை இலவசம் என்று அச்சடித்த சீட்டு. கடைக்காரரிடம் அவருடைய வாடிக்கையாளர்களின் முகவரிகளை வாங்கி, சீட்டுகளை அஞ்சலில் அனுப்பினார்கள். இலவசமாகக் கொடுக்கும் குவளைகளுக்கான சிரப்பைக் கடைக்கு நிறுவனமே தந்தது. சீட்டோடு ஆட்கள் வந்து கேட்டால் கடைக்காரர் அந்தப் பானத்தை வாங்கி வைக்காமல் இருக்க முடியாது. 1895-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் கோகோ கோலா கிடைக்கிறது என்று கேண்ட்லர் பங்குதாரர்களிடம் சொல்ல முடிந்தது.

தயாரிப்பாளர் கடைக்காரரின் தலைக்கு மேலே கை நீட்டி நேராக வாங்குபவரைத் தொடுவதற்கு இந்தச் சீட்டு வழி செய்தது. அமெரிக்காவில் பொட்டலத்தின் மேல் விலை அச்சிடும் வழக்கம் இல்லை. விற்கும் விலையைக் கடைதான் தீர்மானிக்கிறது. தயாரிப்பாளர் மொத்த விலையைக் குறைத்தாலும் அந்தக் குறைப்பு வாங்குபவரிடம் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. கடை அதைத் தன் லாபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கூப்பனில் அந்தப் பயம் இல்லை. அதிகபட்ச சில்லறை விலை பொட்டலத்திலேயே அச்சாகும் இந்தியாவில் ‘5 ரூபாய் குறைவு’, ‘20 சதவீதம் கூடுதல்’ என்று உறையின் மேலேயே போட்டுவிடலாம். வெட்டியெடுக்கும் மளிகைக் கூப்பன் இங்கே பெரிதாக வேர்பிடிக்காததற்கு இது ஒரு காரணம். அதே தந்திரம் தமிழ்நாட்டில் வேறு உருவத்தில் வந்தது. கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்பு நிறுவனம், எந்த நிறுவனத்தின் காலி ஷாம்புப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றது. கொஞ்ச நாளில் சிக் பாக்கெட்டுகளை மட்டும்தான் ஏற்போம் என்று மாற்றிக்கொண்டது. காலி உறையைச் சேர்த்து வைப்பதுதான் இங்கே வெட்டும் வேலைக்குச் சமம்.

அமெரிக்காவில் கூப்பன் பெருந்தொழிலாக மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகிய காலத்தில். கடையில் சேரும் சீட்டுகளை எண்ணிப் பணம் வாங்கிக் கொடுக்க 1957-இல் நீல்சன் நிறுவனம் ஒரு தீர்வகம் தொடங்கியது. 1972-இல் மிச்சிகனைச் சேர்ந்த வலாசிஸ் நிறுவனம், பல நிறுவனங்களின் கூப்பன்களை ஒரே வண்ண இணைப்பாக அச்சடித்து ஞாயிறு செய்தித்தாளுக்குள் செருகும் முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பல குடும்பங்களில் ஞாயிறு காலை என்றால் செய்தித்தாளும் கத்தரிக்கோலும்தான்.

50 சென்ட் எப்படித் திரும்பி வருகிறது

கூப்பனில் இரண்டு வகை உண்டு. ஒன்று தயாரிப்பாளர் வெளியிடுவது. எந்தக் கடையிலும் செல்லும். மற்றொன்று கடை தானே வெளியிடுவது. அந்தக் கடையில் மட்டும் செல்லும். முதல் வகையில் கடைக்கு நட்டமில்லை. கல்லாவில் கழித்துக்கொடுத்த முகமதிப்பைத் தயாரிப்பாளர் திருப்பித் தருகிறார்; கையாளும் கூலியாகச் சீட்டுக்கு 8 சென்ட்டும் தருவது நெடுநாள் வழக்கம். கடைகள் சீட்டுகளைப் பை பையாகத் தீர்வகத்துக்கு அனுப்பும். அவற்றைப் பிரித்து எண்ணும் வேலையில் பெரும்பகுதி கூலி குறைந்த மெக்சிகோ எல்லை நகரங்களில் நடந்தது. ஓஹாயோவில் ஓர் இல்லத்தரசி வெட்டிய சீட்டு எல்லை தாண்டிப் போய், சியூதாத் ஹுவாரெஸில் ஒரு தொழிலாளியின் கையால் தரம்பிரிக்கப்பட்டு, பிறகே கணக்கில் ஏறும்.

இந்த இரண்டு வகை வேறுபாடு வரியிலும் எட்டிப்பார்க்கும். தயாரிப்பாளர் கூப்பனைக் கொடுத்தால், பல மாநிலங்களில் விற்பனை வரி முழு விலைக்குமே போடப்படும்; கடைக்கு முழு விலையும் வந்துசேர்வதால், மீதியை வேறொருவர் கட்டுவதாகவே சட்டம் பார்க்கிறது. கடைக் கூப்பனுக்கு வரி, குறைந்த விலைக்கு மட்டுமே.

சீட்டின் மூலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இன்னொரு விசித்திரமும் இருக்கும்: இதன் பண மதிப்பு ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைகள் பொருளோடு கொடுத்துவந்த ‘வணிக முத்திரை’களைப் பணமாகவும் மாற்றித் தர வேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டம் இயற்றின. அந்தச் சட்டத்தின் பிடியில் கூப்பனும் சிக்கியது. அதிலிருந்து தப்பவே பெயருக்கு ஒரு மதிப்பு. 10,000 சீட்டு சேர்த்தால் ஒரு டாலர் கேட்கலாம்.

1974 ஜூன் 26-இல் ஓஹாயோவின் ட்ராய் நகரில் ரிக்லி சூயிங்கம் பொட்டலம் ஒன்றில் முதன்முதலாக பார்கோடு வாசிக்கப்பட்டது. பிறகு கூப்பனிலும் பார்கோடு ஏறியது. அதன் முதல் இலக்கம் 5 என்றால் அது கூப்பன் என்று கல்லாக் கணினி புரிந்துகொள்ளும். நிறுவனத்தின் எண், பொருள் குடும்பத்தின் எண், தள்ளுபடி எண் ஆகியவை தொடர்ந்து வரும். இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. அது பிறகு பெரிதாகத் திறந்துகொண்டது.

நேரம் என்னும் சல்லடை

1992-இல் அமெரிக்கர்கள் கடைகளில் கொடுத்துத் தீர்த்த கூப்பன்கள் 800 கோடிக்குச் சற்றே குறைவு. அதுதான் உச்சம். பிறகு ஆண்டுதோறும் சரிந்து, பொருளாதார நெருக்கடி மூண்ட 2008-இல் 260 கோடியாக இருந்தது. வேலையிழப்பு பரவிய 2009-இல் 330 கோடிக்கு ஏறியது. 2010-இல் 33,200 கோடி கூப்பன்கள் அச்சாகி விநியோகமாயின; ஆளுக்கு 1,000-க்கும் மேல். பயன்பட்டதோ நூற்றுக்கு ஒன்று.

நூறில் 99 வீணாகும் ஒன்றை ஏன் அச்சடிக்க வேண்டும்? 1984-இல் சக்கரவர்த்தி நரசிம்மன் என்ற பேராசிரியர் ‘மார்க்கெட்டிங் சயன்ஸ்’ ஆய்விதழில் இதற்கொரு விளக்கம் தந்தார். வாங்குபவர்களில் விலை கூடினால் விட்டுவிடுகிறவர்கள் உண்டு; எந்த விலையானாலும் எடுத்துப் போகிறவர்களும் உண்டு. இருவருக்கும் தனித்தனி விலை வைக்க முடிந்தால் நிறுவனத்துக்கு லாபம். ஆனால் யார் எந்த ரகம் என்று முகத்தில் எழுதியிருப்பதில்லை. கூப்பன் ஒரு சல்லடை. வெட்டவும் சேர்க்கவும் நேரம் வேண்டும். நேரத்துக்கு அதிக மதிப்பு வைத்திருப்பவர் அதைத் தொடுவதில்லை; காசுக்கு அதிக மதிப்பு வைத்திருப்பவர் தொடுகிறார். ஆக, அவரவரே தம்மைப் பிரித்துக் காட்டிவிடுகிறார்கள். கூப்பன் பயன்படுத்தும் குடும்பங்கள் விலை மாற்றத்துக்கு மற்றவர்களைவிட வேகமாக அசைந்துகொடுக்கின்றன என்பதைக் குடும்பங்களின் கொள்முதல் தரவுகளைக் கொண்டே நரசிம்மன் காட்டினார்.

இந்த விளக்கத்தின்படி 99 சீட்டு குப்பைக்குப் போவது ஏற்பாட்டின் தோல்வி இல்லை. எல்லோரும் வெட்டினால்தான் தோல்வி. அப்போது அது வெறும் விலைக்குறைப்பு. புராக்டர் நிறுவனம் நியூயார்க்கில் நீக்கப் பார்த்தது இந்தச் சல்லடையைத்தான்.

கோட்பாடு அழகாக இருக்கிறது. நடைமுறை முழுக்க அதற்கு அடங்கவில்லை. காலை உணவுத் தானியங்களின் விலைகளை ஆராய்ந்த அவிவ் நெவோ, கேத்தரின் வோல்ஃப்ரம் இருவரும் 2002-இல் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். விலைப் பாகுபாடு மட்டுமே நோக்கமென்றால், கூப்பன் புழங்கும் வாரங்களில் கூப்பன் இல்லாதவருக்கான அலமாரி விலை ஏறியிருக்க வேண்டும். தரவுகளில் அது குறைந்திருந்தது. நிறுவனங்களுக்கிடையிலான போட்டி, விற்பனை இலக்கை எட்டும் அவசரம் போன்ற வேறு காரணங்களும் கூப்பனுக்குப் பின்னால் இருக்கின்றன என்று இது உணர்த்தியது. வாங்குபவருக்கும் இதில் பாடம் உண்டு. தேர்ந்த கூப்பன்காரர்கள் சீட்டு கிடைத்த அன்றே கடைக்கு ஓடுவதில்லை. அந்தப் பொருளின் அலமாரி விலையும் இறங்கும் நாள்வரை காத்திருந்து, இரண்டு தள்ளுபடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவார்கள். சில கடைகள் போட்டிக்காகத் தங்கள் செலவில் கூப்பன் மதிப்பை இரட்டிப்பாக்குவதும் உண்டு. அந்த நாளையும் சேர்த்துப் பிடித்தால் பொருள் ஏறக்குறைய சும்மா கிடைத்துவிடும்.

மிச்சமா, செலவா

அப்படியானால் கூப்பன் உண்மையிலேயே காசை மிச்சப்படுத்துகிறதா? இதற்கு விடை, கூப்பன் இல்லாவிட்டாலும் அந்தப் பொருளை வாங்கியிருப்போமா என்பதில் இருக்கிறது. ஓர் இணைய மளிகைக் கடையின் தரவுகளை ஆராய்ந்து கேத்தரின் மில்க்மன், ஜான் பெஷியர்ஸ் இருவரும் 2009-இல் வெளியிட்ட கட்டுரை இதைத் துல்லியமாக அளந்தது. 10 டாலர் தள்ளுபடிச் சீட்டைப் பயன்படுத்திய முறைகளில் வாடிக்கையாளர்கள், சீட்டு இல்லாத முறைகளைவிட 1.59 டாலர் கூடுதலாக வாங்கினார்கள். அந்தக் கூடுதல், அவர்கள் வழக்கமாக வாங்காத பொருள்களுக்குப் போனது. மளிகைக் கடையில் தொடர்ந்து வாங்குபவருக்கு 10 டாலர் என்பது ஆண்டுச் செலவில் துரும்பு. ஆனாலும் மனம் அதை வந்த வரவாகத் தனிக்கணக்கில் எழுதி, செலவழித்துத் தீர்க்கப் பார்க்கிறது. கடைக்குள் நுழைந்தவரிடம் எதிர்பாராத கூப்பன் ஒன்றைக் கொடுத்தால் திட்டமிடாத பொருள்களும் கூடையில் ஏறுகின்றன என்று 2002-இல் ஹைல்மன், நாகமோட்டோ, ராவ் மூவரும் செய்த ஆய்வும் காட்டியது.

எந்தப் பொருளுக்குக் கூப்பன் வருகிறது என்பதும் முக்கியம். ஆறு தேசியக் கடைத்தொடர்களின் இணையக் கூப்பன்கள் 1,056-ஐ ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், கால்பங்கு நொறுக்குத்தீனி, மிட்டாய், இனிப்பு வகைகளுக்கு. 14 சதவீதம் ஆயத்த உணவுகளுக்கு. காய்கறிக்கு 3 சதவீதம். பழத்துக்கு ஒன்றுக்கும் கீழே. காரணம் எளிது. பெயர்பெற்ற பிராண்டுகளுக்குத்தான் விளம்பரப் பணம் இருக்கிறது. அவை போதிய லாபம் வைத்து விற்பதால்தான் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடிகிறது. மூட்டையில் வரும் உருளைக்கிழங்குக்கு யார் கூப்பன் அச்சடிப்பார்கள்?

கடையின் சொந்தப் பெயரில் விற்கும் பொருளுக்கும் தயாரிப்பாளர் கூப்பன் கிடையாது. எடுத்துக்காட்டாக, 5 டாலர் விலையுள்ள பிராண்டு தானியப் பெட்டிக்கு 75 சென்ட் கூப்பன் இருக்கிறது. அதே எடையில் கடையின் சொந்தப் பெட்டி 3.50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கூப்பன்காரர் 75 சென்ட் மிச்சமானதாக மகிழ்வார். பக்கத்துப் பெட்டியோடு ஒப்பிட்டால் 75 சென்ட் அதிகம் கொடுத்திருப்பார்.

இதையெல்லாம் கடந்து கணக்குப் பார்த்து வாங்குபவருக்கு லாபம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் செலவிட்டு 12 டாலர் மிச்சம் பிடிப்பவர், 2009 முதல் மாறாமல் இருக்கும் 7.25 டாலர் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியைத் தாண்டிவிடுகிறார். சம்பளத்துக்கு வருமான வரி உண்டு. மிச்சம் பிடித்த காசுக்கு இல்லை. வெளிவேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டில் குழந்தைகளைக் கவனிக்கும் தாய்க்கு, கத்தரிக்கோல் கொடுத்த கூலி உண்மையான கூலிதான்.

இல்லாதவருக்கு எட்டாத சிக்கனம்

இந்தக் கூலி தேவைப்படுகிறவருக்கே கிடைக்கிறதா? ஏழைகள்தான் அதிகம் வெட்டுவார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கூப்பன் விளையாட்டை நன்றாக ஆட முதல் வேண்டும். செய்தித்தாள் வாங்கக் காசு, இரண்டு மூன்று கடைகளுக்குப் போய்வரக் கார், விலை இறங்கிய நாளில் பத்துப் பெட்டி வாங்கக் கையில் ரொக்கம், வாங்கியதை அடுக்கி வைக்க வீட்டில் இடம். யெஷிம் ஓர்ஹுன், மைக் பலாசோலோ இருவரும் கழிப்பறைக் காகிதம் வாங்கும் பழக்கத்தை ஆராய்ந்து 2019-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது. மொத்தமாக வாங்குவதிலும் தள்ளுபடி நாளில் முன்கூட்டியே வாங்கி வைப்பதிலும் குறைந்த வருமானக் குடும்பங்கள் பின்தங்கின. கையில் பணம் புழங்கும் மாதத் தொடக்கத்தில் அந்த இடைவெளி சுருங்கியது. அவர்களுக்குச் சிக்கனம் தெரியாமல் இல்லை. சிக்கனத்துக்கு முதல் போட முடியவில்லை.

முதல் இருப்பவர்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 2010 டிசம்பரில் டிஎல்சி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்’ நிகழ்ச்சி காட்டியது. நூற்றுக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள வண்டிச் சுமைக்குச் சில டாலர் மட்டும் கட்டி வெளியே வருவார்கள். வீட்டு நிலவறையில் பற்பசையும் சாஸ் புட்டிகளும் கூரைவரை அடுக்கியிருக்கும். பார்த்தவர்கள் கடைகளுக்குப் படையெடுக்க, பல கடைத்தொடர்கள் விதிகளை இறுக்கின. பார்கோடின் ஓட்டையும் அப்போது பேச்சாகியது. பழைய முறையில் கல்லாக் கணினி பொருளின் குடும்ப எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த எண் தளர்வாக அமைந்திருந்தால், விலையுயர்ந்த பொருளுக்கான கூப்பனை அதே நிறுவனத்தின் மலிவான பொருளுக்குக் கொடுத்தும் தப்பிவிடலாம். அதை அடைக்கவே 2011 வாக்கில் அதிகத் தகவல் கொள்ளும் புதிய பார்கோடுக்குத் தொழில்துறை மாறியது. அதன் பிறகும் போலிகள் ஓயவில்லை. 2021-இல் வர்ஜீனியாவில் கணினியில் போலிக் கூப்பன் வடிவமைத்து விற்ற ஒருவருக்கு 12 ஆண்டுச் சிறை கிடைத்தது. நட்டம் 3 கோடி டாலருக்கும் மேல்.

வெட்டாமல் கொடுக்கும் விலை

இன்று கத்தரிக்கோலுக்கு வேலை குறைந்துவிட்டது. செய்தித்தாள்கள் மெலிய, அச்சுக் கூப்பனும் மெலிந்தது. கடையின் செயலியில் ஒரு பொத்தானைத் தொட்டால் கூப்பன் ‘வெட்டப்பட்டு’ உறுப்பினர் அட்டையில் ஏறிக்கொள்கிறது. நேரச் செலவு ஏறக்குறைய இல்லை. நரசிம்மன் சொன்ன சல்லடை அப்படியானால் கிழிந்துபோயிருக்க வேண்டும். கிழியவில்லை, அந்த இடத்துக்குத் தரவு வந்துவிட்டது. உறுப்பினர் அட்டை வழியாக யார் எதை எப்போது வாங்குகிறார் என்பது கடைக்குத் தெரியும். குரோகர் நிறுவனம் 2015 முதல் ‘84.51’ என்ற பெயரில் இதற்கென்றே ஒரு தரவுப் பிரிவை நடத்துகிறது. எண், அந்நிறுவனம் இருக்கும் சின்சினாட்டி நகரின் தீர்க்கரேகை. முன்பு யார் விலைக்கு அசைவார் என்று அறிய, வாங்குபவர் வெட்டிக் காட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அவருடைய கொள்முதல் வரலாறே அதைச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனிக் கூப்பன் அனுப்பலாம்.

இதில் வெளியே தள்ளப்படுபவர்களும் மாறிவிட்டார்கள். முன்பு நேரம் இல்லாதவர் முழு விலை கொடுத்தார்; அவர் பெரும்பாலும் வசதியுள்ளவர். இப்போது திறன்பேசி இல்லாதவர், செயலியில் தடுமாறும் முதியவர், தன் விவரங்களைத் தர விரும்பாதவர் ஆகியோர் முழு விலை கொடுக்கிறார்கள். சான் டியேகோ நகர மன்றம் 2025-இல் இதற்கொரு விதி இயற்றியது: கடைகள் செயலியில் தரும் தள்ளுபடியைத் திறன்பேசி இல்லாதவருக்கும் காகிதக் கூப்பன் வழியாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். எல்லோருக்கும் ஒரே விலை என்பதைச் சட்டத்தால் காக்க முயன்ற நாடும் உண்டு. ஜெர்மனியில் 1933-இல் வந்த ஒரு சட்டம், நுகர்வோருக்குக் கடைகள் தரும் தள்ளுபடியை 3 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் 2001 வரை தடுத்தது. அது நீங்கியதும் அங்கும் உறுப்பினர் அட்டைகள் பரவின.

கூப்பனை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் தீர்ப்பது வீண். வீட்டுப் பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அதில் உள்ள பொருளுக்கு மட்டும் கூப்பன் தேடுபவருக்கு அது லாபம். கூப்பனைப் பார்த்துப் பட்டியல் எழுதுபவருக்கு நட்டம். தனிமனிதர் கடைப்பிடிக்க இந்த விதி போதும். அரசு செய்ய வேண்டியது வேறு. அமெரிக்காவின் சில மாநிலங்களில், ஒவ்வொரு பொருளுக்கும் அவுன்ஸுக்கு அல்லது பவுண்டுக்கு என்ன விலை என்று அலமாரிச் சீட்டிலேயே காட்ட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. பெரிய பெட்டியா, சிறிய பெட்டியா, பிராண்டா, கடையின் சொந்தப் பொருளா, எது மலிவு என்று அதைப் பார்த்தால் நொடியில் தெரியும். அதைப் படிக்கக் கத்தரிக்கோல் வேண்டாம், செயலி வேண்டாம், வாங்கிய கதையை யாருக்கும் ஒப்புவிக்கவும் வேண்டாம். ஏழைக்கும் முதியவருக்கும் மளிகைச் செலவில் மெய்யாகவே உதவ நினைக்கும் எந்த அரசும், எத்தனை கூப்பன் புழங்குகிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இந்தச் சிறு சீட்டைப் பெரிய எழுத்தில் எல்லாக் கடைகளிலும் ஒட்டவைப்பதிலிருந்து தொடங்கலாம்.